டீச்சரிடம் கேளுங்கள்: கிணற்றுத் தண்ணீருக்கு எத்தனை மார்க்?

(கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்று, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருக்கும் டீச்சர், சுற்றுச்சூழல் படிப்பைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

டீச்சர், நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. சுற்றுச்சூழல் தாளுக்காக ஓசோன் படலம், அமேசான் காடு எல்லாம் மனப்பாடம் செய்து எழுதினேன். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லையே?
— மாணவி, கோவிந்தாபுரம்

இருக்கிறது கண்ணு, யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட பொதுநல வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம், பள்ளியிலும் கல்லூரியிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக வைக்கச் சொன்னது. சொன்னது கல்லூரிக்கு வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. மேத்தா மறுபடி கோர்ட் ஏறிய பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் ஒரு பொதுப் பாடத்திட்டம் கொடுத்தது. அதன் கடைசி அலகு களப்பணி. உள்ளூரில் மாசுபட்ட ஓர் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அதில் அச்சடித்தே இருந்தது. 100 மதிப்பெண்ணில் 25 அதற்கு. 2023இல் வந்த புதிய வழிகாட்டுதலிலும் களப்பணிக்கு இடம் உண்டு.

அந்த 25 மதிப்பெண்ணுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்று ஊருக்கே தெரியும். வளாகத்து வேப்பமரத்தை நாலு பக்கமும் போட்டோ பிடித்து, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தால் 22 நிச்சயம். அட்டை பளபளவென்று இருந்தால் 24.

நீ உன் கிணற்றை எடுத்துக்கொள். பருப்பு வேகாமல் இருப்பதற்குக் காரணம் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்த கால்சியமும் மெக்னீசியமும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சோப்பு நுரைக்காததும் அதே காரணத்தால்தான். வேதியியல் துறை லேபில் போய்க் கேள், உங்கள் கல்லூரியில் இந்தச் சோதனைக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். 50 மி.லி. தண்ணீர், கொஞ்சம் அம்மோனியா பஃபர், ஒரு சிட்டிகை எரியோக்ரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி. திராட்சைச் சாறு நிறம் வரும். பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடு. சிவப்பு மங்கி ஊதாவாகி, ஒரே ஒரு சொட்டில் நீலமாகும். அங்கே நிறுத்து. செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 20 மி.கி. கடினத்தன்மை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200; வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அப்படியானால் பியூரெட்டில் 30 மி.லி. இறங்கிய பிறகும் சிவப்பாகவே இருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. காமர்ஸ் மாணவிக்கு இந்தக் கணக்கு கஷ்டமா என்ன?

அதோடு விடாதே. உன் தெருவில் எந்தெந்த வீட்டுக் கிணறு எப்படி என்று பத்து வீட்டில் எடு. யார் வீட்டில் ஃபில்டர் இருக்கிறது, யார் வீட்டில் கேன் வாங்குகிறார்கள், யாருக்கு இரண்டும் இல்லை என்பதைப் பக்கத்து நிரலில் எழுது. தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுபோல் கெட்டிருக்கும், கஷ்டம் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்காது. அந்த இரண்டாவது நிரல்தான் ரெக்கார்டில் யாரும் எழுதாதது.

மதிப்பிற்குரிய டீச்சருக்கு, நான் தனியார் கல்லூரி விரிவுரையாளர். கோகோ கோலா ஆலையை எதிர்த்துப் போராடிய பிளாச்சிமடைக்கு மாணவர்களை அழைத்துப்போக விரும்புகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்?
— பாலக்காடு வாசகர்

முதலில் போனவுடன் போர்டுக்கு முன்னால் குரூப் போட்டோ வேண்டாம். எத்தனையோ வருடமாக எத்தனையோ பஸ்கள் அங்கே வந்து நின்றுவிட்டன. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், போராடிய பெண்கள் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து பதில் சொல்கிறார்கள். உங்கள் கல்லூரிக்கு வருகிற சிறப்புப் பேச்சாளருக்குக் கவரும் சால்வையும் கொடுப்பீர்கள் அல்லவா? அதே கவரை இவர்களுக்கும் கொடுங்கள். வவுச்சரில் 'கௌரவ விரிவுரையாளர்' என்றே எழுதுங்கள். ஆபீசில் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், எழுதத்தான் வேண்டும்.

போவதற்கு முன் கதையைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். பிளாச்சிமடை இருக்கிற பெருமாட்டிப் பஞ்சாயத்தில் கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது 2000இல். கொஞ்ச நாளிலேயே சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்கின, இருந்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாமல் போனது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னால் உட்கார்ந்தவர்கள் பழங்குடிப் பெண்கள். எரவாளர் சமூகத்து மயிலம்மாவின் பெயர் அதில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2007இல் அவர் காலமானார். 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே வருடம் பிபிசி வானொலிக்காக இங்கிலாந்தில் சோதித்தபோது, உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவில் காட்மியமும் ஈயமும் இருந்தன. டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. ஆனால் 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. மாணவர்களுக்கு முதல் தீர்ப்பை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்குகிற வழக்கம் நம்மிடம் உண்டு. இரண்டையும் சொல்லுங்கள். அப்புறம் நஷ்ட ஈடு: 2010இல் அரசின் உயர்மட்டக் குழு பாதிப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. 2011இல் சட்டமன்றம் தனித் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, இதை என் பாடத்தின் மேல் உள்ள மரியாதைக்காகச் சொல்கிறேன். சித்தூர் வட்டாரம் மழை குறைந்த பக்கம். பாறையிலிருந்தே ஃபுளோரைடு கரைந்து வரும் கிணறுகள் இங்கே உண்டு. ஆகவே கெட்ட தண்ணீரை எல்லாம் ஆலைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஆலை என்ன செய்தது, பாறை என்ன செய்தது, ஆயிரம் அடி போர் போட்ட நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அப்படிப் பிரித்துக் காட்டினால்தான் நாளைக்கு ஒரு கம்பெனி வக்கீல் முன்னால் உங்கள் மாணவி நிற்க முடியும்.

பஸ் வாடகைக்கு எவ்வளவு வாங்கப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. அந்தப் பணம் இல்லாததால் 'வயிற்றுவலி' என்று லீவு போடுகிற பிள்ளைகள் வகுப்பில் உண்டு. பிளாச்சிமடையைப் பற்றிப் படிக்க வேண்டிய பிள்ளைகள் பெரும்பாலும் அவர்கள்தான். பஸ் செலவைத் துறை ஏற்கட்டும். சனிக்கிழமை வைக்காதீர்கள், அன்று வேலைக்குப் போகிற மாணவர்கள் இருப்பார்கள். கழிப்பறை எங்கே என்று முன்னாலேயே விசாரித்து வையுங்கள்.

ஜூன் 5ஆம் தேதி கல்லூரியில் மரக்கன்று நடுகிறோம். அது போதாதா?
— என்.எஸ்.எஸ். மாணவர், வேலந்தாவளம்

போன வருடம் நட்ட அதே குழியில்தானே தம்பி?

என் மகளுக்குப் பார்வை இல்லை. பி.ஏ. படிக்கிறாள். களப்பணிக்கு மற்றவர்கள் ஆற்றுக்குப் போனபோது, 'நீ ஹாஸ்டலில் இருந்து ஒரு கட்டுரை எழுதிக் கொடு, முழு மார்க் போடுகிறோம்' என்று சொல்லிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை டீச்சர்.
— ஒரு தாய், மீனாட்சிபுரம்

மனசு கேட்காததில் நியாயம் இருக்கிறது அம்மா. முழு மார்க் போட்டு வீட்டில் உட்கார வைப்பதற்கு அவள் கல்லூரிக்கே வர வேண்டாமே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசுக் கல்லூரிகளும் உதவிபெறும் கல்லூரிகளும் 5 சதவீத இடம் கொடுத்தாக வேண்டும். இடம் கொடுத்தால் மட்டும் முடிந்துவிடாது, அந்த மாணவருக்கு வேண்டிய ஏற்பாட்டையும் செய்து தர வேண்டும் என்கிறது சட்டம். துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சண்டைக் கடிதம் வேண்டாம். 'அடுத்த முறை என் மகளும் வருவாள், இன்னின்ன வேலை அவள் செய்வாள்' என்று பட்டியலாகக் கொடுங்கள். வேலையைச் சொல்லாவிட்டால் 'பார்த்துக்கொள்கிறோம்' என்றே பதில் வரும்.

என்ன வேலை? பேட்டி எடுப்பது. ஐம்பது வருடத்துக்கு முன் ஆறு எது வரை வந்தது, எந்த மாதம் வற்றியது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதற்குக் கண் வேண்டாம், காதும் பொறுமையும் வேண்டும். பார்வையுள்ள பிள்ளைகள் பாதிப் பேச்சில் போனைப் பார்க்கிறார்கள், இவள் பார்க்க மாட்டாள். தண்ணீர்ச் சோதனையில் நிறம் மாறுவதைத் தோழி சொல்லட்டும். அளவுகளைக் கணினியில் ஏற்றி, சராசரி போட்டு, எந்தக் கிணறு எல்லை தாண்டியது என்று கண்டுபிடிப்பது இவள் வேலையாக இருக்கட்டும். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இப்போது சாதாரணப் போனிலேயே இருக்கிறது.

வரைபடமும் செய்யலாம். ஒரு பழைய காலண்டர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குச் சணல் கயிறு ஒட்டுங்கள். வாய்க்காலுக்குத் தையல் நூல். கிணறு ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டை, அதில் தண்ணீர் கெட்ட கிணற்றுக்கு மட்டும் கொட்டையைக் கல்லில் உரசிச் சொரசொரப்பாக்கி ஒட்டுங்கள். ஃபெவிகால் காய ஒரு ராத்திரி விடுங்கள். விரலை ஓட்டினால் ஆற்றோரமாக எங்கெங்கே சொரசொரப்பு கூடுகிறது என்று தெரிந்துவிடும். இதைச் செய்துபார்த்த வகுப்பில் கண் தெரிந்த பிள்ளைகளும் கையால் தடவித்தான் பார்த்தார்கள், சுவரில் மாட்டியிருந்த கலர் மேப்பை யாரும் சீண்டவில்லை.

'சுற்றுச்சூழல் நீதி' என்பதே அமெரிக்காக்காரன் விட்ட சரக்கு. நம் ஊருக்கு எதற்கு?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், கஞ்சிக்கோடு

மாசின் சுமை எளியவர்கள் தலையிலேயே விழக்கூடாது என்கிற இந்தப் பேச்சுக்கு அமெரிக்காவில் பேர் வைத்தார்கள் என்பது சரி. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த இடத்தில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியபோது, லாரிகளின் முன்னால் மக்கள் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். மயிலம்மா அதைப் படித்துவிட்டுப் போய் உட்காரவில்லை.

ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. 1979இல் ஹூஸ்டன் நகரில் ராபர்ட் புல்லார்ட் என்ற சமூகவியல் பேராசிரியர், குப்பைக் கிடங்கு ஒன்றை எதிர்த்த வழக்குக்காகத் தன் ஆராய்ச்சி முறைகள் வகுப்பு மாணவர்களையே இறக்கிவிட்டார். வழக்கறிஞர் அவருடைய மனைவி. ஊரில் எங்கெங்கே குப்பை கொட்டினார்கள் என்று பழைய ஆவணங்களைப் புரட்டி, தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தார்கள். நகராட்சியின் 5 கிடங்குகளும் கறுப்பினத்தவர் குடியிருப்புகளில் இருந்தன. ஊரில் அவர்கள் நாலில் ஒரு பங்குதான். வழக்கு தோற்றது. ஆனால் அந்த வகுப்பறை வேலையிலிருந்துதான் பின்னால் ஒரு துறையே வளர்ந்தது. பேர் பிடிக்காவிட்டால் விடுங்கள், கஞ்சிக்கோட்டில் எந்தத் தொழிற்சாலை வாய்க்கால் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று ஒரு மேப் போட்டுப் பாருங்களேன்.

எங்கள் மாமா காயர் பித் (தென்னை நார்த்தூள்) களம் வைத்திருக்கிறார். என் படிப்புக்குப் பணம் கட்டுவது அவர்தான். பித் கழுவிய தண்ணீர்தான் கிணறுகளைக் கெடுக்கிறது என்று வகுப்பில் பேசும்போது தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் என்ன செய்ய?
— மாணவர், கோபாலபுரம்

தலையை நிமிர்த்து. உன் மாமாவைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி எந்தப் பாடமும் கேட்காது. பாடம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்ததைவிட உனக்குத்தான் இதில் அதிகம் தெரியும், அதைப் பேசு. தென்னை நார்த்தூளில் இயற்கையாகவே சோடியம், பொட்டாசியம் உப்புகள் உண்டு. செடி வளர்க்க இதை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் உப்புக் குறைந்த தூள் கேட்கிறார்கள், அதனால் கழுவுகிறோம். அங்கே தக்காளி வளர இங்கே கழுவிவிட்ட உப்பு நம் மண்ணில் இறங்குகிறது. இந்தச் சங்கிலியின் மறுமுனையில் இருக்கிறவர்களை ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை என்று வகுப்பில் கேள்.

பிறகு மாமாவிடம் போய், கழுவிய தண்ணீரைத் தொட்டியில் பிடித்து முதல் கழுவலுக்குத் திரும்பப் பயன்படுத்த முடியுமா, களத்துக்கு அடியில் ஷீட்டோ காங்கிரீட்டோ போட எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டு. தண்ணீரில் உப்பு ஏறினால் மின்கடத்துத் திறன் ஏறும்; அதை அளக்கும் சிறு மீட்டர் ஒன்று போதும், களத்துக்கு மேற்கே ஒரு கிணறு, கிழக்கே ஒரு கிணறு என்று மாதம் ஒருமுறை அளக்கலாம். அளவு மோசமாக வந்தால் மாமாவுக்குக் கோபம் வரும். வரட்டும், வீட்டு ஆள் சொல்லி வருகிற கோபம் ஆறிவிடும். களத்தில் தூள் மூட்டை தூக்குகிற பெண்கள் மூக்கில் துணி கட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிட்டு வா.

கல்லூரிப் பிள்ளைகள் வந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். அப்புறம் ஒருத்தரும் திரும்பி வருவதில்லை. இதற்குப் பேர்தான் மக்கள் தொடர்பா?
— விவசாயி, எருத்தேன்பதி

இல்லைங்க. இதற்கு நான் வேறு பேர் வைப்பேன், பத்திரிகையில் போட மாட்டார்கள்.

இனிமேல் யார் பாட்டிலோடு வந்தாலும் ஒன்று சொல்லுங்கள்: 'என் கிணற்றின் அளவு என் கையில் தமிழில் எழுதி வரும் என்றால் எடுத்துக்கொள்.' கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் மாணவர்கள் வந்து முடிவுகளை வாசித்துக்காட்ட வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் வருவார்கள், பிள்ளைகளுக்கு ஆசை இருக்கிறது. அவர்களுக்கு மார்க் போடுகிறவர்கள்தான் இதற்கு மார்க் போடுவதில்லை. ஊர் முன்னால் நின்று பதில் சொல்வதையும் களப்பணி மதிப்பெண்ணில் சேர்த்தால் அடுத்த வாரமே எல்லோரும் வருவார்கள்.

நம் மாவட்டத்துக்கு இதில் பழைய பேர் உண்டு. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்று 1970களில் கிளம்பிய இயக்கத்தில் கல்லூரி வாத்தியார்கள் நிறையப் பேர். எம்.கே. பிரசாத் தாவரவியல் பேராசிரியர். 1962இல் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத் அறிவியலை மலையாளத்தில் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1984இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது. ஆனால் அங்கே படித்தவர்கள் காட்டுக்காகப் பேசினார்கள். பிளாச்சிமடையில் தாகம் எடுத்தவர்கள் தாங்களே பேசினார்கள், படித்தவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும். பரிஷத் நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

பொள்ளாச்சிக் கல்லூரி ஒன்றில் படிக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் தமிழ்நாடு, பாதிப் பேர் சித்தூர்ப் பக்கம். ஆளியாற்றுத் தண்ணீர் என்றாலே சண்டை. இதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று எங்கள் மிஸ் திணறுகிறார்.
— மாணவி, வடகரப்பதி

சண்டை வருகிற வகுப்பு கிடைப்பது அதிர்ஷ்டம். பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது, 1958 முதல் செல்லும் என்று எழுதினார்கள். அதன்படி தமிழ்நாடு, கேரளப் பக்கத்துச் சித்தூர்ப் புழை ஆற்றுக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. கொடுக்க வேண்டும். வகுப்பைக் கலைத்து உட்கார வையுங்கள்: சித்தூர்ப் பிள்ளைகள் பொள்ளாச்சி விவசாயிக்காகவும், பொள்ளாச்சிப் பிள்ளைகள் சித்தூர்ப் புழையின் மூலத்தறைத் தடுப்பணைக்குக் கீழே நெல் போட்டவருக்காகவும் வாதாட வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வந்துதான் வாயைத் திறக்கலாம். இரண்டு பக்கத்துப் பேப்பரிலும் ஒரே வாரத்துச் செய்தியை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, எந்தப் பக்கத்திலும் நிலமே இல்லாத கூலிக்காரருக்கு இந்த 7.25இல் எவ்வளவு என்று உங்கள் மிஸ் ஒரு கேள்வி போடட்டும்.

தமிழ்வழியில் படித்தவன். கல்லூரியில் ஆங்கிலம், ஆபீசில் மலையாளம். எங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு மனு எழுதக்கூடத் தெரியவில்லை.
— இளைஞர், கொழிஞ்சாம்பாறை

தமிழிலேயே எழுது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கு இங்குள்ள தமிழர் தமிழில் எழுதலாம் என்கிறது. ஊருக்கு வரும் புதுத் திட்டத்துக்குப் பொது விசாரணை அறிவிப்பு வந்தால் அதன் சுருக்கத்தைத் தமிழில் கேள். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்க டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, அதைச் சுட்டிக்காட்டு. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. வாரம் ஒரு மதியம் அங்கே மனு எழுதும் மேசை ஒன்று போட்டால் சங்க இலக்கியத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இதையெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா?
— பி.எஸ்சி. வேதியியல் மாணவர், நெம்மாறை

கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீர்வள அமைப்புகள், தனியார் சோதனைக் கூடங்கள் என்று வழிகள் உண்டு, எல்லாவற்றுக்கும் போட்டித் தேர்வும் காத்திருப்பும் உண்டு. ஆனால் சோதனை அறிக்கையை வாசித்து, அதைத் தமிழிலும் மலையாளத்திலும் பஞ்சாயத்தில் சொல்லத் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் அரிது. உனக்கு மலையாளம் பேச வரும், எழுத வருமா? வராவிட்டால் இந்த லீவில் அதை முடித்துவிட்டு எனக்கு மலையாளத்தில் ஒரு கடிதம் போடு, திருத்தி அனுப்புகிறேன்.